வெள்ளை ஸ்பார்கெலும் எங்கள் சொதியும்

தங்கச்சி, ஜெர்மனியில் டோர்ட்முண்ட் பக்கம் சின்னச் சாப்பாட்டுக்கடை ஒன்றை எடுத்திருப்பதாகவும், வசந்தத்தில் டொச்சுக்காரரை வரவழைக்க 20 வீதம் விலைக்கழிவு கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

கொடுக்காதீர்கள். நான் கடை தொடங்கிய முதல் வசந்தத்தில் அதைத்தான் செய்தேன். துண்டுப்பிரசுரம் அடித்துத் தபால்பெட்டி தபால்பெட்டியாகப் போட்டேன். சனம் வந்தது. கழிவு முடிந்ததும் அதே சனம் அடுத்த தெருக் கடைக்குப் போய்விட்டது.

இந்த ஊர்ச் சனம் வசந்தத்தில் எதற்காகக் காத்திருக்கிறது என்று பாருங்கள். ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூன் 24, யோவான் திருநாள் வரை ஸ்பார்கெல், அதாவது அஸ்பராகஸ் என்ற தண்டுக் காய்கறியின் காலம். மண்ணைக் குவித்து வெளிச்சம் படாமல் வளர்ப்பதால் தண்டு வெள்ளையாக இருக்கும். யோவான் நாளோடு அறுவடையை நிறுத்துவார்கள். அடுத்த வருடத்துக்குச் செடி தேற வேண்டுமே. 'செர்ரி சிவந்தால் ஸ்பார்கெல் செத்தது' என்று பழமொழியே வைத்திருக்கிறார்கள்.

அவர்கள் அதை உருளைக்கிழங்கு, பன்றித்தொடை, வெண்ணெய்ச் சோஸோடு சாப்பிடுவார்கள். நான் ஒரு வருடம் சொதியில் போட்டேன். தலைக்குக் கீழிருந்து தோலைச் சீவி, அடிக்கட்டையை வெட்டிவிடுங்கள். தோலை எறிய வேண்டாம். அதை அவித்த தண்ணீரில்தான் சொதியின் ருசியே இருக்கிறது. மஞ்சள் மட்டாக, பச்சைமிளகாய் இரண்டு, கடைசியில் கட்டித் தேங்காய்ப்பால், இறக்கியபின் தேசிக்காய்ப் புளி. இடியப்பத்தோடு கொடுத்தேன். வழக்கமாக 'காரமா?' என்று பயந்து கேட்கிற வயதான தம்பதி அடுத்த ஞாயிறு பேரப்பிள்ளைகளோடு வந்தார்கள். எப்படியும் வெட்டிப் போடுவதுதான், ஆகவே முறிந்த தண்டை வாங்குங்கள், மலிவு. ஸ்பார்கெலுக்குப் பேர்போன வால்பெக் போன்ற ஊர்களில் தோட்டக்காரரிடமே எடுக்கலாம்.

மார்ச், ஏப்ரலில் பேர்லவுக் என்ற காட்டுப்பூண்டு இலை வரும். தேங்காய்ப்பூவோடு இடித்தால் அருமையான சம்பல். ஆனால் சந்தையில் மட்டும் வாங்குங்கள். காட்டில் அதே சாயலில் நஞ்சுள்ள செடிகளும் முளைக்கும், கடைக்காரருக்கு அந்த விளையாட்டு வேண்டாம்.

பெரிய வெள்ளிக்கு மீன் தேடுவார்கள், அன்றைக்கு மீன்குழம்பு ஒன்றே போதும். மே மாதம் இரண்டாம் ஞாயிறு அன்னையர் தினம். முதல் வருடம் தொலைபேசியில் பெயரை மட்டும் எழுதிக்கொண்டேன், நேரத்தைக் கேட்கவில்லை. எல்லோரும் பன்னிரண்டரைக்கு வந்து நின்றார்கள்! இப்போது பதினொன்றரைக்கு ஒரு பந்தி, இரண்டு மணிக்கு ஒரு பந்தி.

சித்திரை வருடப்பிறப்புக்குப் பெரிய எடுப்பு எடுக்காதீர்கள். எங்கள் ஆட்கள் அன்றைக்குக் கோயிலுக்குப் போய்விட்டு வீட்டில்தான் சாப்பிடுவார்கள்.

அப்புறம், வெளியே மேசை. 15 பாகை வெயில் அடித்தாலே டொச்சுக்காரர் உள்ளே உட்காரமாட்டார், முழங்காலில் போர்வையைப் போட்டுக்கொண்டாவது வாசலில் இருப்பார். நடைபாதையில் மேசை போட நகரசபை அனுமதி வேண்டும், கட்டணமும் இருக்கலாம். கடிதம் வர வாரக்கணக்காகலாம். விண்ணப்பத்தை இந்தக் கிழமையே கொடுத்துவிடுங்கள், நான்கு மேசைக்கு.