பஞ்சாரத்தை எப்போது தூக்குவது?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் ஆறு பெட்டையும் ஒரு சேவலும் வளர்க்கிறேன். போன வாரம் ஒரு மாதக் குஞ்சுகள் பத்து வாங்கினேன். இருட்டிய பிறகு விட்டால் பெரிய கோழிகளுக்கு வித்தியாசம் தெரியாது என்றார்கள். அப்படியே செய்தேன். விடிந்து பார்த்தால் ஒரு குஞ்சுக்கு மண்டைத் தோல் உரிந்து ரத்தம். மற்றவை மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. இனி எப்படிச் சேர்ப்பது?

பதில்: முதலில் அடிபட்ட குஞ்சு. அதைத் தனியே எடுத்து, ஆறவைத்த உப்புத் தண்ணீரில் காயத்தைக் கழுவி, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசுங்கள். கோழிக்குச் சிவப்பைக் கண்டால் கொத்தத் தோன்றும். கூடப் பிறந்த குஞ்சுகளே கொத்தும். அதனால் பொருக்குக் காய்ந்து நிறம் மறையும் வரை தனியாகவே இருக்கட்டும். பயப்பட வேண்டாம், மண்டைக் காயம் பார்க்கத்தான் கொடூரம். சீழ் பிடிக்காமலும் ஈ முட்டையிடாமலும் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் ஆறிவிடும்.

இருட்டில் விடும் யோசனையில் பாதி உண்மை இருக்கிறது. கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. ஆனால் விடிந்தால் தெரியுமே! அந்த வித்தை பலிப்பது அடைக்கோழியிடம் மட்டும்தான். முட்டையில் உட்கார்ந்திருக்கும் கோழியின் சிறகுக்கு அடியில், பொரித்து ஒன்றிரண்டு நாளான குஞ்சை ராத்திரியில் வைத்தால் பல கோழிகள் தன் குஞ்சாகவே ஏற்றுக்கொள்ளும். ஒரு மாதக் குஞ்சுக்கு அது நடக்காது. அந்தக் கோழி தன் அம்மா இல்லை என்று குஞ்சுக்கும் தெரியும்.

பெரிய கோழிகள் கொத்துவது கொடுமை இல்லை, வரிசை. யார் முதலில் தின்பது, கம்பில் யார் எங்கே அடைவது என்பதெல்லாம் உங்கள் ஏழுக்குள்ளும் எப்போதோ முடிவாகிவிட்டது. 1920களின் தொடக்கத்தில் நார்வேக்காரர் தோர்லைஃப் ஷெல்டெரூப்-எப்பே இதை முறையாக எழுதி வைத்தார். கோழி வளர்த்த நம் பாட்டிகளுக்கு எழுதாமலே தெரிந்திருந்தது. புதிதாகப் பத்துப் பேர் நுழைந்தால் அந்த வரிசை மொத்தமும் குலையும். அதைத் தடுக்க முடியாது. ரத்தம் இல்லாமல் நடக்கும்படி செய்யலாம், அவ்வளவுதான்.

இப்போது குஞ்சுகளை வீட்டின் இன்னொரு பக்கத்துக்குக் கொண்டுபோய் மூன்று வாரம் தனியே வையுங்கள். தண்ணீர்த் தட்டு, தீவனத் தட்டு எல்லாம் வேறு. தினமும் பழைய கோழிகளைக் கவனித்துவிட்டுக் கடைசியாகக் குஞ்சுகளிடம் போங்கள். திரும்பும்போது கைகால் கழுவுங்கள். வெளியிலிருந்து வரும் குஞ்சு எதைச் சுமந்து வருகிறது என்று பார்த்த அன்றே தெரியாது. வெள்ளைக்கழிச்சல் என்னும் கொள்ளைநோய் புகுந்தால் குஞ்சோடு சேர்த்துப் பழைய கோழிகளும் போய்விடும். குஞ்சுகளுக்கு என்னென்ன தடுப்பூசி போட்டிருக்கிறது என்று விற்றவரிடம் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் கால்நடை மருந்தகத்தில் காட்டிவிடுங்கள். எட்டு வாரத்தில் போட வேண்டிய வெள்ளைக்கழிச்சல் ஊசியைக் கலப்பதற்கு முன்பே போட்டுவிடுவது நல்லது.

அதற்குள் குஞ்சுகளுக்கு ஏழெட்டு வாரம் ஆகியிருக்கும். அடுத்த வேலைக்குக் கோழியைக் கவிழ்த்து மூடும் மூங்கில் கூடையான பஞ்சாரம் போதும். 'பார்க்கலாம், தொடக்கூடாது' என்று கோழி வல்லுநர்கள் இன்று சொல்வதற்குப் பஞ்சாரத்தைவிடத் தோதான பொருள் கிடையாது. பத்துக் குஞ்சுக்கு ஒன்று போதாது, இரண்டு வேண்டும். இல்லையென்றால் முற்றத்தில் ஒரு மூலையைக் கம்பி வலையால் அடையுங்கள். பெரிய கோழிகள் மேயும் இடத்தின் நடுவே, நிழலில், பகல் முழுக்கக் குஞ்சுகளைப் பஞ்சாரத்தால் மூடி வையுங்கள். நாய் உருட்டாமலிருக்க மேலே ஒரு கல்.

முதல் நாள் வேடிக்கையாக இருக்கும். மூத்த பெட்டை கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும், மூங்கில் இடுக்கில் அலகை விட்டு ஒரு கொத்துக் கொத்தும். குஞ்சுகள் நடுவில் குவியும். நாலைந்து நாளில் அதே பெட்டை பஞ்சாரத்தின் ஓரத்திலேயே மண் குளித்துக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அந்த அலட்சியம்தான் நமக்கு வேண்டியது. எல்லாக் கோழிகளுக்கும் அது வர பத்து நாளோ இரண்டு வாரமோ ஆகலாம்.

வந்தபிறகும் பஞ்சாரத்தை முழுசாகத் தூக்க வேண்டாம். செங்கல் வைத்து ஓரத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கள். குஞ்சின் முதுகு உரச நுழையும் உயரம், பெரிய கோழி நுழைய முடியாத உயரம். நான் ஒருமுறை அவசரத்தில் ஒரு கல் கூடுதலாக வைத்துவிட்டேன். சிறுவிடை என்னும் சின்ன உடம்பு நாட்டுக்கோழிப் பெட்டை ஒன்று படுத்து ஊர்ந்து உள்ளே போய், குஞ்சுத் தீவனம் முழுவதையும் காலி செய்துவிட்டு உள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தது. குஞ்சுகள் வெளியே பசியோடு. அளவு பார்த்து வையுங்கள். தண்ணீரும் தீவனமும் பஞ்சாரத்துக்கு உள்ளேயும் வெளியே இரண்டு மூன்று இடத்திலும் இருக்கட்டும். துரத்தினால் ஓடி ஒளிய ஒரு பழைய கட்டில், சாய்த்த ஓலைத்தட்டி, எதுவானாலும் சரி. பத்தையும் ஒன்றாகவே விடுங்கள். ஒன்றிரண்டாக விட்டால் அதற்குத்தான் மொத்த அடியும்.

தீவனத்தில் ஒரு விஷயம். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை, நாலு சதவீதம் இருக்கும். வளரும் குஞ்சுக்கு ஒரு சதவீதமே போதும். கூடினால் சிறுநீரகம் கெடும். கலந்திருக்கும் காலத்தில் எல்லாருக்கும் வளர்பருவத் தீவனம் போட்டுவிட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடும் பெட்டைகள் தாமாகவே அதைத் தேடித் தின்னும்.

பெரிய கோழிகள் நடமாடிய மண்ணில் ரத்தக்கழிச்சல் கிருமி இருக்கும். அவற்றுக்கு ஒன்றும் செய்யாது, குஞ்சை வீழ்த்தும். கூட்டுத் தரையில் உமியோ மரத்தூளோ ஈரமில்லாமல் இருக்கட்டும். எச்சத்தில் ரத்தம் கண்டாலோ, குஞ்சு இறகைத் தொங்கவிட்டுச் சுருண்டு நின்றாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

ராத்திரி ஒரே கூட்டில் அடைப்பது கடைசிக் கட்டம். பகலில் சண்டை ஓய்ந்து, குஞ்சு பெரிய கோழியின் உடம்பில் மூன்றில் இரண்டு பங்காவது வளர்ந்திருக்க வேண்டும். வயதை எண்ணாதீர்கள், பத்து வாரத்திலும் சிறுவிடைக் குஞ்சு பொடிசாகத்தான் இருக்கும். முதல் சில நாள் விடிவதற்குள் எழுந்து கூட்டைத் திறந்துவிடுங்கள். அடைபட்ட இடத்தில் வெளிச்சம் வரும் நேரத்தில்தான் அடி அதிகம்.

ஒரு கொத்து, ஒரு துரத்தல் எல்லாம் சகஜம், குறுக்கே போகாதீர்கள். ரத்தம் வந்தால் மட்டும் பிரித்துவிடுங்கள். எல்லாம் அடங்கியும் ஒரே ஒரு பெட்டை மட்டும் விடாமல் விரட்டுகிறதா? அப்போது பஞ்சாரம் அதற்கு. மற்றவர்கள் கண்ணில் படாத இடத்தில் நாலு நாள் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்ப விட்டால், இந்தமுறை புதிதாக வந்தவள் அவள்தான்.