மனச்சோர்வுக்கு அட்மிட் ஆனால் இன்சூரன்ஸ் கிடைக்காதா?

கேள்வி: சென்னிமலையில் எட்டுத் தறி ஓட்டுகிறேன். 2016-இல் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் மெடிக்கல் பாலிசி எடுத்து, விடாமல் கட்டி வருகிறேன். போன வாரம் என் மனைவியை மனச்சோர்வுக்காகக் கோவையில் ஒன்பது நாள் அட்மிட் செய்திருந்தோம். பில் 74,000 ரூபாய். "மனநோய்க்குக் கிடையாதுங்க, பாலிசி புத்தகத்துலயே போட்டிருக்குது" என்கிறார் ஏஜென்ட். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம். டிஸ்சார்ஜ் சம்மரியில் வேறு ஏதாவது எழுதி வாங்கச் சொல்கிறார் அம்மா. இந்தப் பாலிசியை விட்டுவிட்டு வேறு எடுக்கலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். முதலில் கிளைமைப் போடுங்கள்.

ஏஜென்ட் பொய் சொல்லவில்லை. 2016-இல் அச்சடித்த புத்தகத்தில் அந்த வரி இருந்திருக்கும். ஆனால் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 21(4), உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறார்களோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது. 2018 மே 29 முதல் இது அமலில் இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ எல்லாக் கம்பெனிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. அப்படியும் சிலர் இழுத்தடித்ததால், 2022 அக்டோபர் 31-க்குள் எல்லாப் பாலிசிகளையும் திருத்தச் சொல்லி மறுபடி உத்தரவு போட்டது. சட்டம் வந்த நாள் முதலே மனநோயை விலக்க முடியாது என்று 2021-இல் டெல்லி உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. உங்கள் கையில் இருக்கும் புத்தகம் பழசு, அவ்வளவுதான்.

அடுத்து அம்மா சொன்னது. அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. நம் பக்கம் சம்பந்தம் பேசும்போது மூன்று ஊர் தள்ளி விசாரிப்பார்கள். ஆனால் சம்மரி போகப்போவது இன்சூரன்ஸ் கம்பெனிக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு அல்ல. அதில் 'லோ பிபி' என்று எழுதிவிட்டு, பில்லில் மனநல மருத்துவர் ஃபீஸும் மனச்சோர்வு மாத்திரையும் இருந்தால், கிளைம் பார்ப்பவர் ஒரே நிமிடத்தில் கண்டுபிடிப்பார். கிடைக்க வேண்டிய பணம் மோசடி என்று சொல்லி நின்றுபோகும்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் வரும். "மாத்திரை கொடுத்து வீட்டிலேயே பார்த்திருக்கலாமே, எதற்கு அட்மிஷன்?" என்று கேட்பார்கள். மனச்சோர்வு கிளைமில் இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்க்க வேண்டும். அதனால் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். எத்தனை நாளாகச் சாப்பாடும் தூக்கமும் இல்லை, வெளியிலிருந்து பார்த்த சிகிச்சை ஏன் போதவில்லை, ஒன்பது நாளும் என்ன கண்காணிப்பு என்று நாலு வரி போதும். பில்களோடு அதையும் சேர்த்து, பாலிசியில் சொன்ன கெடுவுக்குள் கொடுங்கள்.

மறுத்தால், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சை வைத்து எங்கும் முறையிட முடியாது. கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு 21(4)-ஐக் குறிப்பிட்டு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால், ஒரு வருடத்துக்குள் சென்னையில் இருக்கும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது கம்பெனி மீதான புகாரை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

புதுப் பாலிசி ஏன் வேண்டாம்? இந்த நோயை அதில் சொல்லியே ஆக வேண்டும். அதற்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்கலாம், பாலிசியே தராமலும் போகலாம். உங்கள் பழைய பாலிசியோ 60 மாதத்தைத் தாண்டிவிட்டது. மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, 'முன்பே நோயை மறைத்தீர்கள்' என்று இனி கிளப்ப முடியாது. இந்தப் பலன் தறிக்காரருக்குப் பாவு நூல் மாதிரி. அறுத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். மாதாமாதம் வாங்கும் மாத்திரை, கவுன்சலிங் ஃபீஸ் எல்லாம் பெரும்பாலான பாலிசிகளில் வராது. சர்க்கரை மாத்திரைக்கும் அதே கதைதானே. மாத்திரைச் செலவு கையைக் கடித்தால், பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள், இலவசம். உங்களுக்குப் பக்கம்தான். மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.