வெளிநாட்டு ஆலைகளில் கொள்முதல்: கேள்வி பதில்

கேள்வி: சீனாவில் உள்ள ஒரு நிறுவனம் தன்னை நேரடி உற்பத்தியாளர் என்று சொல்லிக்கொள்கிறது. நம்பலாமா?

பதில்: வணிக உரிமத்தின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். எண்ணும் எழுத்தும் கலந்த 18 இடக் குறியீடு ஒன்றும், அந்நிறுவனம் செய்யக்கூடிய தொழில்களின் பட்டியலும் அதில் இருக்கும். பட்டியலில் உற்பத்தி என்பதே இல்லாமல் விற்பனை, ஏற்றுமதி, இறக்குமதி மட்டும் இருந்தால், எதிரில் இருப்பவர் வர்த்தகர் என்று வைத்துக்கொள்ளலாம். குடை, சமையலறைத் தராசு, கைபேசி உறை மூன்றையும் ‘எங்கள் ஆலைத் தயாரிப்பு’ என்று ஒரே பட்டியலில் போடுபவரைப் பற்றி உரிமத்தைப் பார்க்காமலேயே முடிவுக்கு வரலாம். ஆயினும், வர்த்தகர் என்பதற்காகவே ஒருவரை ஒதுக்க வேண்டியதில்லை. சில நூறு உருப்படிகள் கேட்பவரைப் பெரிய ஆலைகள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பலருடைய சிறு ஆர்டர்களைச் சேர்த்து ஆலைக்குக் கொண்டுபோகும் வர்த்தகரே அவருக்கு வழி. பணம் கட்டச் சொல்லும் வங்கிக் கணக்கு, உரிமத்தில் உள்ள அதே பெயரில் இருக்கிறதா என்பதை மட்டும் கட்டாயம் சரிபாருங்கள்.

கேள்வி: எந்த நாட்டில் விலை மிகக் குறைவு?

பதில்: என்ன பொருள், எத்தனை உருப்படி என்று சொல்லாமல் கேட்டால் இதற்குப் பதில் கிடையாது.

கேள்வி: துருப்பிடிக்காத எஃகுக் குடுவைக்கு வந்த மாதிரி அருமையாக இருந்தது. 2,000 உருப்படிகளாக வந்த சரக்கோ மெலிந்த தகடாக இருக்கிறது. சிலவற்றில் துருவும் தெரிகிறது. மாதிரியைப் பார்த்துத்தானே ஒப்புக்கொண்டேன்?

பதில்: மாதிரியை ஒப்புக்கொண்டீர்கள்; ஒப்பந்தத்தில் என்ன எழுதினீர்கள் என்பதே கேள்வி. ‘எஃகுக் குடுவை’ என்று மட்டும் எழுதினால் 304 ரக எஃகும் பொருந்தும், நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவான 201 ரகமும் பொருந்தும். காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். இவ்விரண்டு ரகங்களுமே இயல்பாகக் காந்தத்தில் ஒட்டாதவை. குளிர்நிலையில் அழுத்தி வடிவமைத்த இடங்களில் 304 ரகமும் சற்றே ஒட்டும். எனவே எஃகின் ரகம், தகட்டின் தடிமன், மூடியில்லாத வெற்றுக் குடுவையின் எடை, மூடி வளையம் எந்தப் பொருளால் ஆனது என்பவற்றை எழுத்தில் கொடுங்கள். ஒப்புக்கொண்ட மாதிரிகளில் இரண்டில் கையொப்பமிட்டு, ஒன்றை ஆலையிலும் மற்றொன்றை உங்களிடமும் வையுங்கள்.

அடுத்தது பரிசோதனை. ஐ.எஸ்.ஓ. 2859-1 தரநிலையின் வழக்கமான இரண்டாம் நிலைப் பரிசோதனையில், 2,000 உருப்படிகள் கொண்ட தொகுதியிலிருந்து 125 உருப்படிகளை ஆய்வாளரே ஆங்காங்கே எடுத்துப் பார்ப்பார். ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க குறைகளின் வரம்பு) 2.5 என்று ஒப்புக்கொண்டிருந்தால், 7 குறையுள்ளவை வரை தொகுதி தேறும். 8 ஆனால் திருப்பி அனுப்பப்படும். எந்தெந்தப் பெட்டியைத் திறப்பது என்பதை ஆலைக்காரர் தீர்மானிக்க விடக் கூடாது. இத்தனையும் மீதிப் பணம் உங்கள் கையில் இருக்கும்போதே நடக்க வேண்டும். பணம் போன பிறகு வரும் அறிக்கை வெறும் காகிதம்.

கேள்வி: முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுத்தால் ஐந்து சதவீதம் தள்ளுபடி தருவதாகச் சொல்கிறார்கள். ஏற்கலாமா?

பதில்: வேண்டாம். 30 சதவீதம் முன்பணம், மீதி 70 சதவீதம் பரிசோதனையில் தேறிய பிறகு என்பது பரவலான நடைமுறை.

கேள்வி: எஃப்.ஓ.பி. விலையைவிட (சரக்கைக் கப்பலில் ஏற்றித் தருவது வரையிலான விலை) சி.ஐ.எஃப். விலை மிகச் சிறிதளவே கூடுதலாக இருக்கிறது. கப்பல் கட்டணமும் காப்பீடும் அதிலேயே அடங்கும்போது சி.ஐ.எஃப். லாபம்தானே?

பதில்: பிறருடன் கன்டெய்னரைப் பகிர்ந்து வரும் சிறு சரக்கில் இது பழைய பொறி. விற்பவர் அமர்த்தும் சரக்கு முகவர் கப்பல் கட்டணத்தை அடிமாட்டு விலைக்குக் காட்டிவிட்டு, நீங்கள் சரக்கை எடுக்க வரும் துறைமுகத்தில் கையாளும் கட்டணம், ஆவணக் கட்டணம் என்று அதை வசூலித்துக்கொள்வார். அவர் உங்கள் ஆள் அல்லர் என்பதால் பேரம் பேச இடமில்லை.

மறுப்பு: காப்பீட்டை மறந்துவிட்டீர்கள். எஃப்.ஓ.பி.யில் அதை நாமே எடுக்க வேண்டும்.

பதில்: மறக்கவில்லை. விற்பவர், வாங்குபவர் பொறுப்புகளை வரையறுக்கும் பன்னாட்டு வணிக விதிகளான 2020ஆம் ஆண்டின் இன்கோடெர்ம்ஸ்படி, சி.ஐ.எஃப்.இல் விற்பவர் எடுக்கக் கடமைப்பட்டிருப்பது ‘சி’ வகைக் காப்பீடு மட்டுமே. தீ, கப்பல் மூழ்குதல், தரைதட்டுதல், மோதல் போன்ற பேரிடர்களுக்கு அது உதவும். திருட்டுக்கும், கன்டெய்னருக்குள் கடல்நீர் புகுந்து அட்டைப் பெட்டிகள் ஊறிப்போவதற்கும் உதவாது. நடைமுறையில் நிகழ்பவை பெரும்பாலும் பின்னவைதாம். இவற்றுக்கும் உதவும் ‘ஏ’ வகைக் காப்பீட்டை நீங்களே எடுங்கள்.

இன்னொருவர்: அப்படியானால் காப்பீடே இல்லாமல் விட்டால் என்ன? என் சரக்கு சேதமானால் என் நட்டம், அவ்வளவுதானே?

பதில்: அவ்வளவு அன்று. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் ‘எவர் கிவன்’ என்ற கன்டெய்னர் கப்பல் குறுக்கே சிக்கியபோது, கப்பல் உரிமையாளர் பொதுச் சராசரி அறிவித்தார். அதாவது, கப்பலையும் சரக்கையும் மீட்ட செலவில் சரக்கின் மதிப்புக்கேற்ப ஒவ்வொரு சரக்குடையவரும் பங்கு தர வேண்டும், சரக்கு துளியும் சேதமடையாமல் இருந்தாலும். காப்பீடு உள்ளவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் உத்தரவாதம் கொடுக்கும். இல்லாதவர்கள் ரொக்க வைப்புத்தொகை கட்டிய பிறகே சரக்கைத் தொட முடியும்.

மூன்றாமவர்: இருவருமே தவறு. கன்டெய்னர் சரக்குக்கு எஃப்.ஓ.பி.யே பொருந்தாது, எஃப்.சி.ஏ. (வாங்குபவர் அமர்த்தும் போக்குவரத்தாளரிடம் ஒப்படைப்பதோடு விற்பவர் பொறுப்பு முடியும் முறை) என்று எழுத வேண்டும்.

பதில்: விதிப்படி நீங்கள் சொல்வது சரி. கன்டெய்னர் முனையத்தில் ஒப்படைக்கப்பட்ட பிறகு விற்பவருக்கு அதன்மேல் கட்டுப்பாடு இல்லை, ஆயினும் எஃப்.ஓ.பி.யில் அது கப்பலில் ஏறும்வரை பொறுப்பு அவருடையதே. ஆலைகள் பழக்கத்தால் எஃப்.ஓ.பி. என்றே விலை தருகின்றன. வங்கியின் எல்.சி.க்கு (ஆவணங்கள் சரியாக இருந்தால் விற்பவருக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) கப்பலில் ஏற்றியதற்கான ஆவணம் தேவை என்ற பழைய தடைக்கும் 2020 விதிகளில் வழி செய்திருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், பலர் ஒப்புக்கொள்வார்கள். இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்துவோம்; பலர் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: என் பொருளுக்கு எச்.எஸ். குறியீடு (சுங்கத்துக்காகப் பொருள்களை வகைப்படுத்தும் எண்) என்ன, வரி எவ்வளவு?

பதில்: முதல் ஆறு இலக்கங்களே உலகுக்குப் பொதுவானவை, மீதியும் வரியும் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் சுங்க முகவரைக் கேளுங்கள்.

கேள்வி: வங்கிக் கணக்கு மாறிவிட்டதாகவும், மீதியைப் புதிய கணக்கில் செலுத்தும்படியும் மின்னஞ்சல் வந்திருக்கிறது. அவசரம் என்கிறார்கள்.

பதில்: செலுத்தாதீர்கள். அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை அல்ல, முன்பே உங்களிடம் இருக்கும் எண்ணை அழைத்து, தெரிந்த குரலிடம் கேளுங்கள். பரிசோதனை முடிந்துவிட்டதா என்பதை நீங்கள் சொல்லவில்லை. முடியவில்லையென்றால் பழைய கணக்கிலும் செலுத்தக் கூடாது.

கேள்வி: ஐந்து சதவீதத்துக்குப் பதில் எட்டு சதவீதம் தள்ளுபடி என்றால் முழு முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: ஐந்து சதவீதத்துக்கு மேலே சொன்ன பதிலே இதற்கும்.

கேள்வி: என் பொருளை வார்க்க என் செலவில் செய்த அச்சு ஆலையிடம் இருக்கிறது. வேறு ஆலைக்கு மாற்ற முடியுமா?

பதில்: அச்சு உங்கள் உடைமை, கேட்டவுடன் ஒப்படைக்க வேண்டும், பிறருக்கு அதில் வார்த்துக் கொடுக்கக் கூடாது என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் இருந்தால் முடியும். ‘அச்சுக் கட்டணம்’ என்ற ஒரு வரி மட்டும் விலைப்பட்டியலில் இருந்தால், அதை அச்சைப் பயன்படுத்தும் கட்டணமாகவே ஆலை வாதிடும். கடைசி ஆர்டருக்கு மீதிப் பணம் பாக்கி இருக்கிறதா? இருந்தால் அதைச் செலுத்துவதற்கு முன்பே இப்பேச்சைத் தொடங்குங்கள்.

கேள்வி: மரப்பெட்டியில் வரும் இயந்திரத்தைத் துறைமுகத்தில் நிறுத்துவார்கள் என்கிறார்களே?

பதில்: மரப் பொதிகள் வழியே பூச்சிகள் பரவாமல் தடுக்கும் பன்னாட்டு ஐ.எஸ்.பி.எம். 15 விதிப்படி, வழக்கமான வெப்ப முறையில் மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டு, பெட்டியில் அதற்குரிய முத்திரை இருக்க வேண்டும். ஒட்டுப்பலகைக்கு இது தேவையில்லை. கன்டெய்னரில் ஏற்றுவதற்கு முன் முத்திரையின் படத்தை அனுப்பச் சொல்லி வாங்கிவிடுங்கள்.