ஹால்ஸ் பெயரில் தேடுங்கள்

17ஆம் நூற்றாண்டு டச்சுப் பெண் ஓவியர் யூடித் லெய்ஸ்டரின் படங்களை, அவர் பெயரை விட்டுவிட்டு அதே காலத்து டச்சு ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் பெயரில் தேடுங்கள், கிடைக்கும். 19ஆம் நூற்றாண்டு ஏலப் பட்டியல்களில் யூடித் லெய்ஸ்டரையே காணோமே, படங்கள் எல்லாம் அழிந்துவிட்டனவா என்று கேட்டிருக்கிறீர்கள். அழியவில்லை. பல படங்கள் ஹால்ஸ் வரைந்தவை என்ற பெயரில் கைமாறிக்கொண்டிருந்தன.

காரணம் பெரும்பாலும் கையொப்பம்தான். பல படங்களில் லெய்ஸ்டர் முழுப்பெயர் எழுதாமல், பின்னிய இரண்டு எழுத்துகளையும் ஒரு நட்சத்திரத்தையும் போட்டார். நெதர்லாந்தின் ஹார்லெம் நகர ஓவியர் சங்கத்தில் 1633இல் உறுப்பினரானவர். ஆனாலும் அந்தக் குறி யாருடையது என்பது பிறகு மறந்தே போனது. 1893இல் ஹோஃப்ஸ்டெடே டெ க்ரூட் என்ற ஆய்வாளர்தான் அதை அடையாளம் காட்டினார். (ஹால்ஸ் என்றால் நல்ல விலை. வியாபாரிகள் ஏன் சந்தேகப்படப் போகிறார்கள்?)

சோதித்துப் பார்க்க ஒரு வழி: வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தின் இணையதளத்தில் லெய்ஸ்டருடைய தன்னுருவ ஓவியத்தைத் திறந்து, அது யார் யாரிடம் இருந்தது என்ற பகுதியைப் படியுங்கள். அங்கே பழைய உரிமையாளர் பெயர்களோ விற்பனை ஆண்டுகளோ இருந்தால் குறித்துக்கொண்டு உங்கள் பட்டியல்களில் ஹால்ஸ் பக்கத்தைப் புரட்டுங்கள். அப்புறம் மற்றப் படங்களுக்கும் இதையே செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை. 1636இல் ஓவியர் மோலனாரை மணந்த பிறகு வரைந்தவை என்று தெரிந்த படங்கள் மிகக் குறைவு. அதை வைத்து, திருமணத்தோடு வரைவதை நிறுத்திவிட்டார் என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள். 1643இல் அவர் தீட்டிய துலிப் மலர் இருக்கிறது.