ஆறும் எட்டும்: யின் யாங் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிங்கப்பூரில் வசிக்கிறோம். அம்மாவுக்கு வயது 52. ஓராண்டாக இரவில் உள்ளங்கையும் உள்ளங்காலும் எரிகின்றன. விடியும்போது தலையணை வியர்வையில் நனைந்திருக்கும். உடல் சூடு என்று நினைத்து, சீன மருந்துக்கடையில் கிடைக்கும் கசப்பான குளிர்ச்சித் தேநீரை இரண்டு வாரம் குடித்தார். எரிச்சல் குறையவில்லை, வயிறுதான் கெட்டது. பிறகு ஒரு சின்சேயிடம், அதாவது சீன வைத்தியரிடம் போனோம். ‘யின் குறைந்துவிட்டது’ என்று சொல்லி, லியு வெய் தி ஹுவாங் வான் என்ற கறுப்புக் குளிகையைக் கொடுத்தார். அப்பாவுக்கு 61. அவருக்கு நேர்மாறு. இடுப்பும் முழங்காலும் சில்லிட்டுப்போகும், இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுவார். அவரைப் பார்த்த இன்னொரு சின்சே ‘யாங் குறைவு’ என்று எட்டு மருந்துகள் சேர்ந்த குளிகை கொடுத்தார். இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். எட்டில் ஆறு அப்படியே அம்மாவின் மருந்து! சூட்டுக்கும் குளிருக்கும் ஒரே மருந்தா? யின் யாங் என்பது நாம் சொல்லும் சூடு, குளிர்ச்சிதானா? அல்லது வெறும் பேச்சா?

எம்., சிங்கப்பூர்

அன்புள்ள எம்.,

பெட்டிகளைப் பக்கத்தில் வைத்துப் படித்தீர்களே, அது மிகச் சரியான காரியம். யாரும் உங்களை ஏமாற்றவில்லை. யின் யாங் கொள்கை மருந்தாகும்போது எப்படியிருக்கும் என்று காட்ட இந்த இரண்டு குளிகைகளைவிட நல்ல உதாரணம் கிடையாது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். யின் என்றால் மலையின் நிழல் விழும் பக்கம், யாங் என்றால் வெயில் விழும் பக்கம். ஆற்றின் வடகரை யாங். லோ ஆற்றின் வடகரையில் எழுந்த நகரத்துக்கு லோயாங் என்று பெயர் வந்தது அப்படித்தான். காலையில் நிழலாக இருந்த சரிவு மாலையில் வெயிலாகும், ஆனால் மலை ஒன்றுதான். அதனால் இளநீர் ஒரு பக்கம், மிளகு ஒரு பக்கம் என்று பண்டங்களைப் பிரித்து வைத்துவிட்டால் யின் யாங் புரிந்துவிடாது. உடலுக்குள் ஈரம், சாரம், இரத்தம், உறக்கம் எல்லாம் யின். வெப்பம், அசைவு, விழிப்பு எல்லாம் யாங். யின் யாங்கைப் பிடித்து நிறுத்துகிறது, அதற்குத் தீனியாகவும் இருக்கிறது. யாங் யின்னைச் சூடேற்றி ஓடவைக்கிறது.

ஓர் அகல் விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். திரியை அதிகம் தூண்டினால் சுடர் பெரிதாகும். எண்ணெய் வற்றினாலும் சுடர் துள்ளும், புகையும். பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே சூடுதான். ஆனால் முதலாவதற்குத் திரியை உள்ளே இழுக்க வேண்டும், இரண்டாவதற்கு எண்ணெய் விட வேண்டும். சீன மருத்துவம் முன்னதை யாங் மிகுதி என்றும் பின்னதை யின் குறைவு என்றும் பிரிக்கிறது. குளிரிலும் இதே பிரிவு உண்டு: ஐஸ் தண்ணீர் குடித்ததும் வயிற்றைப் பிடித்து இழுக்கிற குளிர் வேறு, உள்ளே நெருப்பு தணிந்து வருகிற குளிர், அதாவது யாங் குறைவு, வேறு.

யாங் மிகுந்தவருக்கு முகம் முழுக்கச் சிவக்கும், குளிர்ந்த தண்ணீரைச் செம்பு செம்பாகக் குடிப்பார், நாக்கில் தடித்த மஞ்சள் படிவு இருக்கும், மலம் கட்டும், நாடி வேகமாகவும் பலமாகவும் அடிக்கும். யின் குறைந்தவருக்குக் கன்னமேடு மட்டும் சிவக்கும். சூடு பிற்பகலுக்குமேல் ஏறும். வாய் உலரும், ஆனால் ஒரு மிடறு போதும். இரண்டு உள்ளங்கை, இரண்டு உள்ளங்கால், நெஞ்சு என ஐந்து இடத்தில் எரியும். நாக்கு சிவந்து, படிவு இல்லாமல், சில சமயம் வெடித்திருக்கும். நாடி வேகமாக இருந்தாலும் நூல்போல மெலிந்திருக்கும். அம்மாவின் கதை இந்த இரண்டாவது.

இரவு வியர்வைக்குச் சீன வைத்தியர்கள் சொல்லும் பெயர் ‘திருட்டு வியர்வை’. காவல் ஆற்றல் பகலில் உடலின் வெளிப்புறத்தில் 25 சுற்றும் இரவில் உட்புறத்தில் 25 சுற்றும் வருவதாக, ஈராயிரம் ஆண்டுப் பழமையான ஹுவாங்தி நெய்ஜிங் என்ற மருத்துவ நூலின் லிங்ஷு பகுதி சொல்கிறது. உறங்கியதும் உள்ளே போகும் அந்த யாங்கைத் தாங்க அங்கே போதிய யின் இல்லாவிட்டால், அது ஈரத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. விழித்ததும் வியர்வை நின்றுவிடும். பகலில் சும்மா இருக்கும்போதே வியர்ப்பது இதற்கு எதிர் வகை, அது யாங்கும் ஆற்றலும் குறைந்தவருக்கு வருவது.

இனி அந்தக் கசப்புத் தேநீருக்கு வருவோம். கசப்பும் குளிர்ச்சியும் சேர்ந்த மருந்துகள் திரியை உள்ளே இழுப்பவை. கசப்பு ஈரத்தை உலர்த்தும், வயிற்றின் நெருப்பையும் அணைக்கும். ஏற்கனவே எண்ணெய் வற்றிய விளக்கில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் போயிற்று, செரிமானமும் கெட்டது. குளிர்ச்சிப் பண்டங்களை நம்பியிருப்பவர்களுக்கு நடக்கும் மிகப் பொதுவான தவறு இது. நம்மிடமும் சூடு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டும் கலந்துகிடக்கின்றன. ஆனால் சூட்டுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்லும் பழக்கம், வறட்சியைப் புரிந்துகொண்ட பழக்கம் என்றே நினைக்கிறேன்.

உங்கள் இரண்டு பெட்டிகளில் மூத்தது அப்பாவுடையது. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த சீன மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங் எழுதிய செய்முறை அது. தி ஹுவாங் கிழங்கு 8 லியாங் (பழைய சீன எடை), ஷான் யாவ் 4, ஷான் சூ யூ 4, ஸெ ஷியெ 3, ஃபூ லிங் 3, மு தான் பி 3. இந்த ஆறும் சேர்ந்து 25 லியாங். இவற்றோடு சூட்டு மருந்துகள் இரண்டு: குய் ஜீ என்ற இலவங்கப்பட்டை இனக் குச்சி 1, ஃபூ ஸி என்ற நச்சுக் கிழங்கு 1. யாங்கை எழுப்பும் குளிகையில் 27 பங்குக்கு 2 பங்குதான் நெருப்பு! சிறு நெருப்பு உயிர்ப்பை வளர்க்கும், பெரு நெருப்பு அதைத் தின்னும் என்று நெய்ஜிங்கில் ஓர் இடம் வருகிறது. எண்ணெயில்லாத விளக்கில் திரியைத் தூண்டினால் திரிதான் கருகும். அதனால் முதலில் எண்ணெயை நிரப்பி, அதன்மேல் சின்னச் சுடர் வைத்தார்.

ஏறத்தாழ 900 ஆண்டுகள் கழித்து, சோங் வம்ச காலத்துக் குழந்தை மருத்துவர் சியன் யீ இதே செய்முறையை எடுத்துக்கொண்டார். குழந்தைகளுக்கு யாங் இயல்பாகவே பொங்கி நிற்கிறது என்பது சீன வைத்தியர்கள் கணக்கு. எனவே குய் ஜீயையும் ஃபூ ஸியையும் நீக்கினார், உலர்ந்த தி ஹுவாங்குக்குப் பதில் வேகவைத்ததைச் சேர்த்தார். உச்சிக்குழி மூடாத, குரல் எழாத குழந்தைகளுக்காக அவர் செய்த மருந்து அது. 1119இல் தொகுக்கப்பட்ட அவருடைய நூலில் இருக்கிறது. இன்று அம்மா சாப்பிடுவது அந்த ஆறு.

ஆறுக்குள்ளும் ஒரு சமன் இருக்கிறது. மூன்று சேர்க்கின்றன, மூன்று வடிக்கின்றன. தி ஹுவாங் சாரத்தை நிரப்பும், நீர்ச்செடியின் கிழங்கான ஸெ ஷியெ கழிவுநீரை இறக்கும். புளிப்புப் பழமான ஷான் சூ யூ கசிவை இறுக்கும், பியோனி வேர்ப்பட்டையான மு தான் பி சூட்டைத் தணிக்கும். வள்ளிக்கிழங்கு இனத்தைச் சேர்ந்த ஷான் யாவ் செரிமானத்தைத் தாங்கும், பைன் வேரில் விளையும் பூஞ்சைக் கட்டியான ஃபூ லிங் அங்கே தேங்கும் ஈரத்தை வாங்கும். இந்த வடிகால் ஏன் என்றால், தி ஹுவாங் அவ்வளவு பிசுபிசுப்பு. 100 கிலோ கிழங்குக்கு 30 முதல் 50 கிலோ அரிசி மது சேர்த்து அவிப்பார்கள். அரக்குபோலக் கறுத்து, பாகுபோல இனிக்க வேண்டும், அதுதான் பதம். பச்சையாகக் குளிர்ச்சியான கிழங்கு, அவித்தபின் லேசான வெம்மைக்கு மாறிவிடும். நன்றாக அவியாத சரக்கு வயிற்றில் கல்லாகக் கிடக்கும்.

அம்மாவுக்கு வயிறு ஏற்கனவே இளகியிருப்பதால் இதைக் கவனியுங்கள். குளிகையை வெறும் வயிற்றில் வெந்நீரோடு கொடுப்பது வழக்கம். வயிறு உப்பினாலோ பசி போனாலோ மலம் இன்னும் இளகினாலோ சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். அப்போதும் சரியாகாவிட்டால், ஏலக்காயின் உறவான ஷா ரென் சேர்க்கலாமா என்று சின்சேயிடம் கேளுங்கள். அளவு பெட்டிக்குப் பெட்டி மாறும். செறிவூட்டிய சின்னக் குளிகை என்றால் பெரும்பாலும் 8 வீதம் மூன்று வேளை, 9 கிராம் தேன் உருண்டை என்றால் ஒன்று வீதம் இரண்டு வேளை. சளி, காய்ச்சல் வந்தால் அது தீரும்வரை நிறுத்துங்கள். திருடன் உள்ளே இருக்கும்போது கதவைச் சாத்துவது என்று சீன வைத்தியர்கள் இதைச் சொல்வார்கள். நான்கு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் தொடராதீர்கள்.

சின்சேயைப் பார்க்கப் போகும் நாளில் அம்மா நாக்கு வழிக்கக் கூடாது. நம் வீடுகளில் பல் துலக்கியதும் நாக்கை வழித்துவிடுவோம், படிவே இல்லாத நாக்கு யின் குறைந்த நாக்காகத் தெரியும். காபியும் பீட்ரூட்டும்கூடக் குழப்பிவிடும்.

அப்பாவின் பெட்டியில் பெயரைவிட்டு உள்ளே இருப்பதைப் படியுங்கள். ஜாங் ஜோங்ஜிங்கின் செய்முறைக்கு வழங்கும் ஜின் குய் ஷென் ச்சி வான் என்ற பெயரில் விற்கும் சிலவற்றில் பத்து மருந்துகள் உண்டு. நியூ ஷி என்ற வேரும் இசப்கோல் இன விதையான சே சியன் ஸியும் கூடுதலாக இருக்கும். அது கால் வீங்கி நீர் தேங்குபவருக்கானது. இரவில் நான்கு முறை எழுபவருக்குச் சிறுநீரைப் பெருக்கும் விதை முதல் தேர்வாக இருக்க முடியாது. அவருடையதில் எட்டு என்பதால் பெரும்பாலும் குய் ஃபூ தி ஹுவாங் வானாக இருக்கும், அதில் குய் ஜீக் குச்சிக்குப் பதில் அதே இனத்தின் பட்டை.

ஃபூ ஸியைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. அது அகோனைட், நம் மருந்துக்கடையில் நாபி என்று சொல்லும் நஞ்சின் சீன உறவு. சிச்சுவானின் ஜியாங்யூ பகுதியில் விளைவதை உப்புநீரில் ஊறவைத்து வேகவைத்துத்தான் மருந்தாக்குகிறார்கள். நீண்ட நேரம் வெந்தால் நஞ்சு சிதையும். கஷாயத்தில் சேர்ப்பதானால் மற்றவற்றுக்கு முன்னால் அதை மட்டும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கொதிக்கவைக்க வேண்டும். வேகாததால் இறந்தவர்கள் உண்டு, ஆகவே உதிரியாக வாங்கி வீட்டில் காய்ச்ச வேண்டாம். வாயும் நாக்கும் மரத்தால், குமட்டினால், நெஞ்சு தாறுமாறாக அடித்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள், குளிகைப் பெட்டியையும் எடுத்துப்போங்கள். ஜாங் ஜோங்ஜிங் இதை மதுவோடு விழுங்கச் சொன்னார். அப்பா அப்படிச் செய்யக் கூடாது, மது அந்த நஞ்சை வேகமாக உடலில் ஏற்றும். இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் தன் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சின்சே ‘சிறுநீரகத்தில் யாங் குறைவு’ என்றால் அது ரத்தப் பரிசோதனையில் தெரியும் சிறுநீரகம் அல்ல. பிறப்பு, வளர்ச்சி, எலும்பு, முதுமை எல்லாவற்றையும் தாங்கும் ஒரு செயல்தொகுதிக்கு அவர்கள் வைத்த பெயர். யின் யாங் என்பது அறிகுறிகளைச் சேர்த்துப் படிக்கும் முறை, அதனால் நோயை அளந்து சொல்ல முடியாது. 52 வயதில் இரவு வியர்வை மாதவிடாய் நிற்பதால் வரலாம், தைராய்டாலும் காசநோயாலும் வரலாம். 61 வயதில் நான்கு முறை எழுவது சர்க்கரையாகவோ புராஸ்டேட்டாகவோ இருக்கலாம். இருவருக்கும் இவற்றுக்கான பரிசோதனைகளை இந்த வாரமே செய்துவிடுங்கள்.

கடைசியாக, உங்கள் வீட்டு அலமாரியில் இருமலுக்கு லோக்வாட் பாகு இருக்கிறதா என்று பாருங்கள். அதில் பெரும்பாலும் சுவான் பெய் மூ என்ற இருமல் மருந்துக் கிழங்கு இருக்கும். ஃபூ ஸியோடு சேரக் கூடாதவை என்று சீன மருந்துநூல்கள் விலக்கும் பட்டியலில் பெய் மூவும் ஒன்று. அப்பா இந்தக் குளிகையைச் சாப்பிடும் நாட்களில் அவருக்கு அந்தப் பாகு வேண்டாம்.