மரவள்ளியில் இருந்து பிளாஸ்டிக் மூலப்பொருள்: ஒப்பந்தத்துக்கு முன் கேட்க வேண்டியவை

கேள்வி: ஆத்தூர் பக்கம் 3 ஏக்கரில் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்காக மரவள்ளி பயிரிட்டு வருகிறேன். மட்கும் பிளாஸ்டிக்குக்கான வேதிப்பொருளை என்சைம் முறையில் மரவள்ளியில் இருந்து எடுக்கும் தொழிற்சாலை வரப்போவதாகச் சொல்லி, ஒருவர் ஒப்பந்தத்துக்கு அழைக்கிறார். அதற்குத் தனி ரகம் வேண்டும், கரணைக்கு (நடும் தண்டுத் துண்டுக்கு) முன்பணம் கட்ட வேண்டும், கிழங்கில் மாவு ஏற ஒரு என்சைம் திரவமும் வாங்க வேண்டும் என்கிறார். நம்பி இறங்கலாமா?

பதில்: தொழில்நுட்பம் உண்மையானது. அதைக் காட்டி உங்களிடம் பணம் கேட்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

என்சைம் என்பது உயிர்கள் உண்டாக்கும் புரதம். ஒரு பொருளை இன்னொன்றாக மாற்றிவிட்டு, தான் தீராமல் அடுத்த வேலைக்குப் போய்விடும். கெட்டியான கூழில் எச்சில் கரண்டி பட்டால் சற்று நேரத்தில் நீர்த்துப்போவதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற என்சைம் மாவை வெட்டுவதால் அப்படி ஆகிறது. தொழிற்சாலையிலும் நடப்பது இதுவே. அரைத்த மாவுக் கரைசலைச் சூடேற்றினால் பசை போல இறுகும். அதில் ஆல்ஃபா அமைலேஸைச் சேர்த்தால், 90 டிகிரிக்கு மேலான சூட்டிலும் வேலை செய்து, பசையைத் தண்ணீராக ஓட வைத்துவிடும். பிறகு 60 டிகிரி அளவுக்கு ஆறவிட்டு, லேசான புளிப்பு நிலையில் குளுக்கோஅமைலேஸ் சேர்க்கிறார்கள். மாவு ஏறக்குறைய முழுவதும் குளுக்கோஸ் ஆகிறது. முன்பெல்லாம் இதற்கு அமிலம் ஊற்றிக் கொதிக்கவைத்தார்கள். நிறமும் கசப்பும் உப்பும் சேர்ந்து, சுத்தப்படுத்தவே தனிச் செலவு ஆனது.

குளுக்கோஸ் கிடைத்த பிறகு பாதைகள் பல. ஈஸ்ட் சேர்த்தால் எத்தனால். லாக்டிக் பாக்டீரியா சேர்த்தால் லாக்டிக் அமிலம்; அதைக் கோத்தால் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சை சேர்த்தால் சிட்ரிக் அமிலம்.

இனி உங்கள் பணத்துக்கு வருவோம். இந்த ஆலைக்கும் வேண்டியது கிழங்கில் உள்ள மாவுதான். 28 பாயிண்ட், அதாவது நூற்றுக்கு 28 பங்கு மாவு உள்ள கிழங்கு ஒரு டன்னில் 280 கிலோ மாவு இருக்கும். மாவு உடையும்போது தண்ணீரையும் சேர்த்துக்கொள்வதால், கணக்குப்படி சுமார் 310 கிலோ குளுக்கோஸ் வரலாம். 24 பாயிண்ட் என்றால் 267 கிலோதான். ஆகவே ஒப்பந்தத்தில் 'டன்னுக்கு இவ்வளவு' என்று மட்டும் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பாயிண்டுக்கு என்ன விலை, யார் அளப்பது, எங்கே அளப்பது, அளக்கும்போது நீங்கள் உடன் இருக்கலாமா என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். சேகோ ஆலை வாசலில் பாயிண்ட் குறைத்த சண்டையை நீங்கள் பார்க்காததா?

வெட்டுவதற்கு முன் வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம். மண் போகக் கழுவி ஈரம் துடைத்த கிழங்கு 5 கிலோவை ஒரு வலைப்பையில் கட்டி, தராசில் தொங்கவிட்டபடி தொட்டித் தண்ணீரில் முழுக அமிழ்த்துங்கள். பையோ கிழங்கோ தொட்டியில் இடிக்கக் கூடாது. தண்ணீருக்குள் எடை சுமார் அரைக் கிலோ காட்டும். அந்த எடை கூடக் கூட மாவும் கூடுதல். துல்லியமான பாயிண்ட் கிடைக்காது; ஆனால் எந்த வயல் முந்தியது, எதை இன்னும் விடலாம் என்று தெரிந்துவிடும்.

திரவத்தை வாங்கவே வேண்டாம். மாவை உடைக்கும் என்சைமுக்கு ஆலைத் தொட்டியில்தான் வேலை. மண்ணில் ஊற்றிக் கிழங்கில் மாவை ஏற்ற முடியாது. மாவு ஏற வேண்டுமானால் சாம்பல் சத்தைக் கவனியுங்கள். பொட்டாஷில் பாதியை அடியுரமாகவும், மீதியை 90-ம் நாள் மண் அணைக்கும்போதும் கொடுங்கள். யூரியாவை அள்ளிப் போட்டால் தழைதான் மதர்க்கும். காய்ந்த காட்டில் மழை பெய்து புதுத்துளிர் விட்டதும் வெட்டாதீர்கள். துளிருக்கான சாப்பாடு கிழங்கில் இருந்துதான் போகிறது.

தனி ரகமும் தேவையில்லை. உங்கள் காட்டில் நன்றாக வரும், மாவு மிகுந்த ரகம் எதுவானாலும் இந்த வேலைக்கு உதவும். ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம்தான். ரகத் தேர்வுக்கு அங்கேயே போய்க் கேளுங்கள்.

தேவை எவ்வளவு வரும் என்பதிலும் நிதானம் வேண்டும். அமெரிக்காவில் நெப்ராஸ்காவின் பிளேர் நகரில் உள்ள பிஎல்ஏ ஆலை மக்காச்சோளத்தில் ஓடுகிறது. மரவள்ளிக்குப் பேர்போன தாய்லாந்தில், ரயோங்கில் உள்ள பிஎல்ஏ ஆலை கரும்புச் சர்க்கரையில் ஓடுகிறது. கரும்பில் சர்க்கரை முன்பே தயாராக இருப்பதால் மாவை உடைக்கும் கட்டம் மிச்சம். நம் நாட்டில் 2018 தேசிய உயிரி எரிபொருள் கொள்கை எத்தனாலுக்கான மூலப்பொருள்களில் மரவள்ளியையும் சேர்த்திருக்கிறது. அது ஒரு வாய்ப்பு. ஆனால் வாய்ப்பு மட்டுமே விலை உத்தரவாதம் ஆகிவிடாது.

என் ஆசையைச் சொல்லட்டுமா? இந்தத் தொழில் முதலில் திப்பியில், அதாவது சேகோ ஆலை மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கையில் தொடங்க வேண்டும். காய்ந்த திப்பியின் எடையில் பாதி அளவுக்கு மாவு இன்னும் நாருக்குள் சிக்கிக் கிடக்கிறது. செல்லுலேஸ், பெக்டினேஸ் ஆகிய என்சைம்கள் அந்த நார்ச்சுவரைத் தளர்த்தி மாவை வெளியே கொண்டுவரும். ஆலைக்குப் பக்கத்திலேயே கிடைக்கும் பொருள். உங்கள் கிழங்கின் மதிப்பும் அதனால் உயரும்.

அழைப்பவரிடம் இவற்றையும் கேளுங்கள்: ஆலை எந்த ஊரில்? மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி கிடைத்துவிட்டதா? வெட்டிய கிழங்கை எத்தனை மணி நேரத்துக்குள் எடுப்பார்கள்? இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கோடு ஓடி வீணாகும் சரக்கு இது. பச்சைக் கிழங்கு எடுப்பார்களா, காய்ந்த சிப்ஸ் கேட்பார்களா? தெளிவான பதில் வராதவரை சேகோ ஆலைத் தொடர்பை விட்டுவிடாதீர்கள். மிஞ்சிப்போனால் அரை ஏக்கரில் மட்டும் சோதித்துப் பாருங்கள்.

கரணைக்கு முன்பணம் கட்ட வேண்டாம். அவர்களிடம்தான் வாங்க வேண்டும் என்ற நிலை வந்தால், தாய்ச்செடி நிற்கும் காட்டுக்கே நேரில் போங்கள். இலையில் தேமல் இருந்தாலோ, நுனிக்குருத்து மாவுப்பூச்சியால் சுருண்டு கொத்தாகி இருந்தாலோ அந்தக் கரணையைத் தொடாதீர்கள். இரண்டுமே கரணையோடு உங்கள் 3 ஏக்கருக்குள்ளும் வந்துவிடும்.