ஜாக் மில்லரும் தைமஸும்: வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்

டி செல் (தைமஸ் என்ற உறுப்பில் உருவாகும் நோயெதிர்ப்பு அணு) பற்றிப் பேசும்போது ஜாக் மில்லர் பெயரைச் சொன்னேன், "யார் அவர்?" என்று கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. நோயெதிர்ப்பியல் பாடம் நடத்துகிறவன் நான், எனக்கு இதைவிடப் பிடித்த தலைப்பு கிடையாது. ஒவ்வொன்றாக எழுதுகிறேன். மருத்துவ ஆலோசனை மட்டும் கேட்காதீர்கள், நான் மருத்துவர் இல்லை.

கே: முதலில் ஆள் யார் என்று சொல்லுங்கள்.

1931-ல் பிரான்சின் நீஸ் நகரில் பிறந்தவர். சிறு வயதில் கொஞ்ச காலம் ஷாங்காயில் இருந்தார், 1941-ல் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது. சிட்னியில் மருத்துவம் படித்தார். 1958-ல் லண்டன் போய் செஸ்டர் பீட்டி ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார், 1966-ல் ஆஸ்திரேலியா திரும்பி மெல்போர்னில் வால்டர் அண்ட் எலிசா ஹால் நிறுவனத்தில் சேர்ந்தார். தைமஸ் எதற்காக இருக்கிறது என்று கண்டறிந்தது, நிணநீர் அணுக்களில் (நோயெதிர்ப்பு வேலை செய்யும் ஒருவகை வெள்ளை அணுக்கள்) டி, பி என்று இரண்டு பெரும் வகை உண்டு என்று காட்டியது, இந்த இரண்டும்தான் அவர் பெயரை நிலைநிறுத்தியவை.

கே: அதற்கு முன்னால் தைமஸைப் பற்றி யாருக்கும் தெரியாதா? எல்லோரும் கோட்டைவிட்டதை இவர் கண்டுபிடித்தது அதிர்ஷ்டம்தானே?

அதிர்ஷ்டம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடக் கூடாது. மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே இருக்கிற அந்த உறுப்பை எல்லோருக்கும் தெரியும். அதை அறுத்தெடுத்தும் பார்த்திருக்கிறார்கள், விலங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் அது நிணநீர் அணுக்கள் வந்து சாகிற இடம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். உறுப்பு மாற்று ஆய்வுக்காக 1960-ல் நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடவாரே, தைமஸில் நிணநீர் அணுக்கள் இருப்பது பரிணாமத்தில் நேர்ந்த ஒரு தற்செயல், அதற்குப் பெரிய முக்கியத்துவம் கிடையாது என்ற பொருளில் 1963-ல்கூடச் சொன்னார். மில்லரின் கட்டுரை வெளிவந்த பிறகு!

மில்லர் நோயெதிர்ப்பைத் தேடிப் போகவில்லை. எலிகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். லுட்விக் கிராஸ் கண்டுபிடித்த வைரஸைப் பிறந்த குட்டிக்குச் செலுத்தினால் பிற்பாடு புற்றுநோய் வரும், அது தைமஸில்தான் தொடங்கும். பால்குடி மறந்த வயதில் தைமஸை எடுத்துவிட்டால் நோய் வருவதில்லை, மாதங்கள் கழித்து வேறொரு தைமஸைப் பொருத்தினால் வந்துவிடுகிறது. அப்படியானால் வைரஸ் உடம்பில் வேறெங்கோ இருந்திருக்கிறது. சரி, முதலில் பெருகுவதற்காவது அதற்குத் தைமஸ் வேண்டுமா? இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் வைரஸ் கொடுப்பதற்கு முன்பே, அதாவது பிறந்தவுடனேயே, தைமஸை எடுத்தாக வேண்டும். அப்படித்தான் அவர் அந்த வயதுக்கு வந்து சேர்ந்தார்.

எடுத்தார். குட்டிகள் பால் மறந்ததும் மெலிந்து சாக ஆரம்பித்தன, வைரஸ் கொடுக்காதவையும் அப்படியே செத்தன. இங்கேதான் அவருடைய திறமை. அறுவையில் ஏதோ கோளாறு என்று ஒதுக்கிவிட்டு அடுத்த சோதனைக்குப் போகாமல், செத்த எலிகளைத் திறந்து பார்த்தார். நிணநீர் முடிச்சுகளில் நிணநீர் அணுக்கள் மிகக் குறைவு. உடனே வேறு இன எலியின் தோலை எடுத்து இவற்றின் மேல் ஒட்டினார். சாதாரண எலி சில நாளில் அதை உதறிவிடும். இவை உதறவில்லை, ஒட்டிய தோலில் முடி வளர்ந்தது. பெரிய எலி இனமான ராட்டின் தோலைக்கூட ஏற்றுக்கொண்டன. 1961 செப்டம்பரில் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரை இதுதான், சின்னக் கட்டுரை, தேடிப் படியுங்கள்.

வளர்ந்த எலியில் ஏன் ஒன்றும் தெரியவில்லை? அதற்குள் தைமஸ் தேவையான அணுக்களை உருவாக்கி உடம்பெங்கும் அனுப்பி முடித்திருக்கும், அவை நீண்ட நாள் வாழ்பவை. அதனால் நான் மாணவர்களிடம் ஓயாமல் சொல்வது இது: எந்த எலி ஆய்வைப் படித்தாலும் முதலில் எலியின் வயதைப் பாருங்கள். "எடுத்தோம், ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது எழுதினால், எப்போது எடுத்தார்கள் என்று கேளுங்கள்.

கே: இம்யூனிட்டியை அதிகரிக்க என்ன சாப்பிடலாம் சார்?

இது என் துறை இல்லை. நோயெதிர்ப்பு என்பது ஏற்றிக்கொண்டே போக வேண்டிய ஒன்று என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள், அது அளவு மீறினாலும் நோய்தான்.

கே: அந்தக் குட்டிகள் ஏதாவது தொற்றால் செத்திருக்கலாமே? எலிக்கூடம் சுத்தமாக இருந்திருக்காது.

நல்ல கேள்வி, அன்றைக்கும் இதைக் கேட்டார்கள். 1963-ல் மில்லர் அமெரிக்காவின் பெதஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனங்களுக்குப் போய், கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளில் இதைச் செய்து பார்த்தார். அவை மெலியவில்லை, ஆனால் அந்நியத் தோலை மட்டும் அப்போதும் உதறவில்லை. ஆக, மெலிந்தது தொற்றினால், தொற்றைத் தாங்க முடியாமல் போனது தைமஸ் இல்லாததால்.

கே: டி செல், பி செல் என்று பிரித்தது இவரா, மாக்ஸ் கூப்பரா?

இருவரும், வெவ்வேறு வழியில். அமெரிக்க ஆய்வாளரான கூப்பர் 1965-ல் கோழியில் காட்டினார். கோழிக்குத் தைமஸும் உண்டு, எதிர்ப்பொருளோடு (கிருமி போன்ற அந்நியப் பொருளைப் பிடிக்கச் சுரக்கும் புரதம்) தொடர்புடைய பர்சா என்ற தனி உறுப்பும் உண்டு, எது இல்லாவிட்டால் எது கெடுகிறது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. பாலூட்டிகளுக்கு பர்சா கிடையாது, அங்கேதான் சிக்கல். மில்லரும் அவர் மாணவர் கிரகாம் மிட்செலும் 1967, 68-ல் அதை அவிழ்த்தார்கள். தைமஸ் நீக்கிய எலிக்கு ஆட்டின் சிவப்பணுவைச் செலுத்தினால் எதிர்ப்பொருள் சரியாக வராது, தைமஸ் வழி வந்த அணுக்களைக் கொடுத்தால் வரும். அப்படியானால் அந்த அணுக்கள்தானே எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன என்று யாருக்கும் தோன்றும். அவர்கள் அதோடு விடவில்லை. கொடுத்த அணுக்களையும் எலியின் சொந்த அணுக்களையும் அடையாளம் பிரித்துப் பார்த்தார்கள், சுரந்தவை எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்தவை, அவைதான் பி செல். தைமஸ் அணு, அதாவது டி செல், சுரக்கவில்லை, சுரக்க உதவியது. ஒரு அணு இன்னொரு அணுவுக்கு உதவினால்தான் எதிர்ப்பொருள் என்ற எண்ணம் இங்கே உறுதிப்பட்டது. ஹென்ரி கிளாமன் குழு 1966-லேயே தைமஸும் மஜ்ஜையும் சேர்ந்தால் விளைவு பெருகுகிறது என்று காட்டிவிட்டது, ஆனால் எதிர்ப்பொருள் எந்த அணுவிலிருந்து வந்தது என்பதை அவர்களால் சொல்ல முடியவில்லை.

கே: மன்னிக்கவும், நீங்கள் மில்லருக்கு மட்டும் மாலை போடுகிறீர்கள். மினசோட்டாவில் ராபர்ட் குட் குழுவினர் இதையே செய்தார்களே. ஆர்ச்சர், பியர்ஸ் இருவரின் ஆய்வுச் சுருக்கம் 1961-லேயே வந்தது.

வந்தது, மறுக்கவில்லை. முயலில் செய்தார்கள், முழுக் கட்டுரைகள் 1962-ல் வந்தன. பாஸ்டனில் வாக்ஸ்மன் குழுவும் ராட்டில் செய்தது.

கே (அவரே மீண்டும்): அப்படியானால் "கண்டுபிடித்தவர் மில்லர்" என்று எப்படி எழுதலாம்? குட் 1950-களிலேயே தைமஸ் கட்டியும் எதிர்ப்பொருள் குறைபாடும் சேர்ந்த நோயாளியைப் பார்த்தவர். கேள்வி அவருடையது.

கேள்வி அவருடையது என்பதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு அவர் குழு முதலில் முயலின் தைமஸை எடுத்தபோது முயல் வளர்ந்திருந்தது, ஒன்றும் தெரியவில்லை. மறுபடியும் வயது! ஆய்வுச் சுருக்கத்தை நான் மதிக்கிறேன், ஆனால் தோல் ஒட்டு, அணுக்களின் எண்ணிக்கை, "நோயெதிர்ப்பு அணுக்கள் தைமஸில்தான் உருவாகின்றன" என்ற துணிச்சலான முடிவு, எல்லாவற்றையும் ஒரே கட்டுரையில் வைத்து முதலில் அச்சில் நின்றவர் மில்லர். மூன்று குழுக்கள் ஒரே நேரத்தில் ஒரே கதவைத் தட்டின என்று வேண்டுமானால் எழுதுகிறேன், மூன்றும் சமமாகத் திறந்தன என்று எழுத மாட்டேன்.

கே (வேறொருவர்): ஆங்கிலத்தில் வெளியானதும் லான்செட் என்ற பெயரும்தான் காரணம்.

மினசோட்டாக்காரர்களும் ஆங்கிலத்தில்தான் எழுதினார்கள். இந்த வாதத்தை இத்தோடு நிறுத்திக்கொள்வோம், கீழே நிறையக் கேள்விகள் காத்திருக்கின்றன.

கே: இம்யூனிட்டி பூஸ்டர் மாத்திரை...

மேலே சொல்லிவிட்டேன்.

கே: தைமஸ் சத்து மாத்திரை என்று விற்கிறார்களே, அதைச் சாப்பிட்டால் தைமஸ் வளருமா?

வளராது. விழுங்கினால் வயிற்றில் செரிக்கும், அவ்வளவுதான். இதே கேள்வியை வேறு வேறு பெயரில் அனுப்பாதீர்கள், இனிப் பதில் எழுத மாட்டேன்.

கே: இதய அறுவையின்போது என் அப்பாவுக்குத் தைமஸை எடுத்துவிட்டார்கள். பெரியவர்களுக்கு அது தேவையே இல்லை என்றார்கள். உண்மையா?

அப்பாவைப் பற்றி அவருடைய மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். பொதுவாகச் சொல்கிறேன். வயதாக ஆகத் தைமஸ் சுருங்கிக் கொழுப்பாகிறது என்பது உண்மை, அதனால் பயனே இல்லை என்பது உண்மையில்லை. மில்லரே 1962-ல், வளர்ந்த எலியின் தைமஸை நீக்கிக் கதிரியக்கத்தால் நிணநீர் அணுக்களை அழித்தால் நோயெதிர்ப்பு சரியாகத் திரும்புவதில்லை என்று காட்டினார். 2023-ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, தைமஸ் நீக்கப்பட்ட பெரியவர்களையும், அதை நீக்காமல் அதே மாதிரி மார்பு அறுவை செய்துகொண்டவர்களையும் ஒப்பிட்டது. ஐந்து ஆண்டுகளில் இறந்தவர்கள் முதல் குழுவில் 8.1 சதவீதம், இரண்டாவதில் 2.8 சதவீதம். புற்றுநோய் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இது பழைய பதிவேடுகளை வைத்துச் செய்த ஒப்பீடு, தைமஸ் போனதுதான் காரணம் என்று இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. பயந்துவிடாதீர்கள். ஆனால் "தேவையே இல்லை" என்று இனி யாரும் சுலபமாகச் சொல்லக் கூடாது. ஒரு காலத்தில் குழந்தைகளின் தைமஸ் "பெரிதாக இருக்கிறது" என்று கதிர்வீச்சு கொடுத்தார்கள், அதில் பலருக்குப் பிற்பாடு தைராய்டு புற்றுநோய் வந்தது. ஓர் உறுப்பு என்ன செய்கிறது என்று தெரியாமல் கைவைத்ததன் விலை.

கே: நோபல் கிடைத்ததா?

இல்லை. 2019-ல் கூப்பரோடு சேர்ந்து லாஸ்கர் விருது (அமெரிக்காவின் பெரிய மருத்துவ ஆய்வு விருது) கிடைத்தது. எனக்கு வருத்தம் உண்டு.

கே: டி செல் தாக்குவது மட்டும்தானா, அடக்குவதும் உண்டு என்கிறார்களே, அதுவும் தைமஸ்தானா?

அதுவும்தான், இந்தக் கேள்வி வராதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். 1969-ல் ஜப்பானில் நிஷிசுகாவும் சகாகுராவும் பிறந்த மூன்றாம் நாளில் எலிக்குட்டியின் தைமஸை எடுத்தார்கள். மில்லரின் குட்டிகளைப் போல நோயெதிர்ப்பு இல்லாமல் போகவில்லை, மாறாக அவற்றின் சினைப்பை அழிந்தது. பிற்பாடு தெரிந்தது, அவற்றின் சொந்த நோயெதிர்ப்பே அதைத் தாக்கியிருக்கிறது. முதல் நாளில் எடுத்தால் தாக்கும் அணுக்களே போதாது. மூன்றாம் நாளில் எடுத்தால் தாக்குபவை வெளியே போயிருக்கும், அடக்குபவை போதுமான அளவு போயிருக்காது. இந்தச் சோதனையிலிருந்து கிளம்பித்தான் ஷிமோன் சகாகுச்சி அடக்கும் டி செல்லை 1995-ல் அடையாளம் காட்டினார், 2025-ல் மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் இருவரோடு நோபல் பெற்றார். அந்த இருவரும் எலியில் கண்ட ஒரு மரபணுக் கோளாறு வழியாக இதே இடத்துக்கு வந்தவர்கள். அது தனிக் கதை, விருப்பம் இருப்பவர்கள் கேளுங்கள், அடுத்த சுற்றில் விரிவாக எழுதுகிறேன்.